தேசி மரத்தின் பூவும் பொதியில் வந்த ஓமோனும்

திருகோணமலையில் தேசி வளர்ப்பவர்கள் என்னைக் காணும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "டீச்சர், பூக்கிறதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, களைக்கு அடிப்பதும் மருந்து, பூப்பதற்கு அடிப்பதும் மருந்து என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். பூச்சிநாசினி பூச்சியைக் கொல்கிறது, பசளை மரத்துக்கு உணவாகிறது. ஆனால் ஓமோன் என்பது மரம் தன் உடலுக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் செய்தி. அந்தச் செய்தியை வெளியிலிருந்து நாம் ஊட்டும்போது மரம் அந்த வேளையில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஊட்டினால், நாம் கேட்டதற்கு நேர்மாறானதை மரம் தந்துவிடும்.

எனக்கு அப்படி ஒரு தடவை நேர்ந்தது. சாம்பல்தீவுப் பக்கம் எங்களுக்கு மணற்பாங்கான ஒரு தோட்டம் உண்டு. அதில் 46 தேசி மரங்களும் 9 தோடை மரங்களும் நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஆவணி மாதக் கடைசியில், மரங்கள் தண்ணீரின்றி இலை சுருண்டு நின்ற நேரத்தில், பூ கூடுதலாக வரும் என்று ஒரு கடையில் சொல்லித் தந்த பொதிகளை வாங்கி வந்தேன். ஒவ்வொரு பொதியிலும் ஒரு கிராம் ஜிபரலிக் அமிலத் தூள், அதாவது ஜிபரலின் என்ற ஓமோன், இருந்தது. முதுகில் மாட்டும் 16 லீற்றர்த் தெளிகருவிக்கு ஒரு பொதி என்பது கடையில் சொன்ன கணக்கு. பொதியின் மேல் நாம் வாசிக்கக்கூடிய மொழியில் ஒரு வரியும் இருக்கவில்லை. நான் கிணற்றடிக்கு அருகிலுள்ள முதல் இரண்டு வரிசைகளில் 12 மரங்களுக்கு மட்டும் அடித்தேன். தூள் முடிந்துவிட்டதால் மற்ற வரிசைகளை விட்டுவிட்டேன். அப்படி விட்டதால்தான் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வாய்த்தது.

ஐப்பசி மழை விழுந்து மூன்றரை வாரத்தில், மருந்து படாத வரிசைகளில் பூ வெள்ளையாக விரிந்து, வாசம் தெருவரை வந்தது. தேனீக்கள் காலையிலேயே வந்துவிட்டன. அடித்த 12 மரங்களிலும் பூவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவற்றில் வெளிறிய பச்சை நிறத்தில் முழ நீளத்துக்குத் தளிர்கள் நேராக மேலே எழுந்திருந்தன. ஒரு தளிரை வளைத்துப் பார்த்தேன். பூக்கொத்து வந்திருக்க வேண்டிய ஒவ்வொரு கணுவிலும், இலைக் காம்புக்குப் பக்கத்தில், அரை அங்குல நீளத்தில் ஒரு முள் இருந்தது. இன்னும் முற்றாத, நகத்தால் கிள்ளினால் சாறு வரும் பச்சை முள். கீழிருந்த பழைய கொப்புகளில் அவ்வளவு முள் கிடையாது. விதையிலிருந்து முளைத்து இரண்டு வருடம்கூட ஆகாத கன்றில்தான் அப்படி முள் அடர்ந்திருக்கும். காய்க்கும் வயது வந்த மரத்தை மீண்டும் கன்றுப் பருவத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்பது அந்த முள்ளைத் தொட்டபோதுதான் விளங்கியது. ஒரு மாதத்துக்குள் அந்த இளந்தளிர்கள் எல்லாவற்றிலும் இலைச் சுரங்கப் புழு வெள்ளிக் கோடு கீறிவிட்டது.

ஜிபரலின் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை நம் வயற்காரர்களுக்குச் சொன்னால் அதன் குணம் உடனே விளங்கிவிடும். யப்பானில் நெல் நாற்று ஒரு பூஞ்சண நோயால் அளவுக்கு மீறி நெடுத்து, வெளிறி, ஒழுங்காகக் கதிர் வைக்காமல் சாய்ந்துவிடுவதுண்டு. அங்கே அதற்குப் 'பேதை நாற்று' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பூஞ்சணம் சுரக்கும் ஏதோவொரு பொருளே நாற்றை நெடுக்க வைக்கிறது என்று 1926 இல் குரோசாவா என்பவர் காட்டினார். அந்தப் பொருளுக்கு 1935 இல் யபுத்தா ஜிபரலின் என்று பெயர் சூட்டினார். பின்னர் ஆரோக்கியமான தாவரங்களும் தமக்குத் தேவையான அளவு ஜிபரலினைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன என்பது தெரியவந்தது. நெடுக்க வைப்பது அதன் அடிப்படைக் குணம். முந்திரிகைத் (திராட்சைத்) தோட்டக்காரருக்கு அந்தக் குணம் உதவும், ஏனென்றால் விதையில்லா முந்திரிகைப் பழத்தை அது பெருப்பிக்கிறது. தேசி, தோடை, எலுமிச்சைக் குடும்பத்திலோ பூவரும்பு தீர்மானிக்கப்படும் காலத்தில் அது பட்டால், பூவாக மாற இருந்த அரும்பு தளிராகவே நின்றுவிடுகிறது. இஸ்ரேலில் மொன்செலிஸ், ஹலேவி ஆகிய இருவரும் 1964 இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: ஜிபரலின் தெளித்தால் பூ குறைந்தது, ஜிபரலின் ஆவதைத் தடுக்கும் வளர்ச்சி அடக்கிகளைக் கொடுத்தால் பூ கூடியது. ஓராண்டு பூத்துத் தள்ளி மறு ஆண்டு சும்மா நிற்கும் மரங்களில், மிதமிஞ்சிய பூவைக் குறைப்பதற்காகவே பூ அரும்பும் காலத்துக்கு முன் ஜிபரலின் தெளிக்கும் வழக்கம் குளிர்காலம் உள்ள நாடுகளில் உண்டு. பூவைக் குறைக்கத் தெளிக்க வேண்டியதைப் பூவைக் கூட்ட என்று சொல்லி எனக்கு விற்றிருந்தார்கள்.

அளவிலும் பிழை இருந்தது. 100 லீற்றர் நீரில் ஒரு கிராம் கரைத்தால் அது பத்து லட்சத்தில் 10 பங்கு. 16 லீற்றரில் ஒரு கிராம் என்றால் பத்து லட்சத்தில் 62 பங்குக்கும் மேல் போய்விடுகிறது. பூவைக் குறைக்க விரும்புகிறவர்களே பெரும்பாலும் 20 முதல் 40 பங்கு வரைதான் தெளிக்கிறார்கள். ஓமோன் வாங்கும் எவரும் இந்த ஒரு கணக்கையாவது கடையில் நின்றபடியே போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பொதியின் தூள் முழுவதும் ஜிபரலினா, நூற்றில் எத்தனை பங்கு என்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் தூள் தண்ணீரில் இலகுவில் கரையாது. சிறிதளவு அற்ககோலில் முதலில் கரைத்துவிட்டே நீரில் சேர்க்க வேண்டும், கரைத்ததை அன்றைக்கே தெளித்து முடிக்க வேண்டும்.

மரம் எப்போது பூக்கத் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு இனி வருகிறேன். ஓமோனைப் பற்றிப் பேசுமுன் இதைத்தான் பேச வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் கலிபோர்னியாவிலும் குளிர்காலம் மரத்தை உறங்க வைக்கிறது. அந்தக் குளிரே பூவரும்பைத் தூண்டி, வசந்தத்தில் ஒரே தடவையில் பூக்க வைக்கிறது. நம் ஊரில் மார்கழி, தை மாதத்து இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அந்தக் குளிர் மரத்துக்குப் போதாது. ஆகவே இங்கே பூவரும்பைத் தூண்டக்கூடியது வரட்சி ஒன்றுதான். தாஹிட்டித் தேசியை வைத்து புளோரிடாவில் சவுத்விக், டாவென்போர்ட் இருவரும் செய்து 1986 இல் வெளியிட்ட ஆய்வு, குளிர் இல்லாமலே நீர்த் தட்டுப்பாடு மட்டும் பூவரும்பைத் தூண்டும் என்று உறுதிப்படுத்தியது. சிசிலித் தீவின் எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் இதை ஆய்வாளருக்கு முன்பே கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்: கோடையில் நீரை நிறுத்தி மரத்தை வாடவிட்டு, பிறகு நீரும் பசளையும் ஒன்றாகக் கொடுத்து, அடுத்த கோடையில் விற்கப் பச்சைக் காய்களை எடுப்பார்கள். மகாராட்டிரத்துத் தோடைத் தோட்டங்களிலும் நீரை நிறுத்திப் பூவைத் தருவிக்கும் முறை பருவத்துக்கொரு பெயருடன் இன்றுவரை நடக்கிறது.

அப்படிப் பார்த்தால் திருகோணமலையின் காலநிலை தேசிக்கென்றே அமைந்தது போலத்தான் இருக்கிறது. சித்திரையில் இரண்டொரு மழை விழும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று மேற்கிலிருந்து வெந்து வந்து தரையை உலர்த்தும். ஆனி, ஆடி, ஆவணி என்று காய்ந்து, ஐப்பசியில் மாரி தொடங்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை நீண்டு கிடக்கும் அந்த வரட்சியில் மரம் பூக்கத் தயாராகிவிடுகிறது. முதல் பெருமழை அதற்கு விடை கொடுக்கிறது. மழை விழுந்து மூன்று, நான்கு வாரத்தில் பூ, பூத்து நான்கு, ஐந்து மாதத்தில் காய். ஆனால் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே மழையில் பூத்தால் எல்லாருடைய காயும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வந்து சேரும், விலையும் அதற்கேற்ப விழும். போதாக்குறைக்கு, கார்த்திகை மார்கழி அடைமழையில் பூக்கொத்தும் இளந்தளிரும் பூஞ்சணம் பிடித்துக் கருகும். தேசியின் தளிர் அந்தக் கருகலுக்கு எளிதில் இடம் கொடுப்பது.

கிண்ணியாவிலிருந்து வந்து எங்கள் காயை எடுத்துச் செல்லும் நானா ஒருவர் இருக்கிறார். அவருக்குக் காய் அதிகம் தேவைப்படுவது நோன்பு மாதத்தில். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு திறக்கும் வேளைக்குத் தேசிக்காய்த் தண்ணீர் இல்லாத வீடு குறைவு. "டீச்சர், நோம்பு முன்னுக்கு வந்துக்கிட்டே இருக்கு, உங்கட மரம் மட்டும் அதே நாள்ளதான் காய்க்குது" என்று அவர் சொன்னதே எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. நோன்பு பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2024 இல் மார்ச் இரண்டாம் வாரம் தொடங்கியது. 2025 இல் மார்ச் முதல் வாரம். 2026 இல் பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பின். பெப்ரவரிக் கடைசியில் காய் வேண்டுமென்றால் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் ஒக்டோபர் தொடக்கத்துக்கும் இடையில் பூக்க வேண்டும். அதற்கு ஓகஸ்ட் கடைசியில் மரத்துக்கு நீர் கிடைக்க வேண்டும். மழையோ ஐப்பசியில்தான் வரும். ஆகவே மழையைக் காத்திராமல், ஆடிக் கடைசியில் நீரை முற்றாக நிறுத்தி மூன்று வாரம் வாடவிட்டு, ஆவணியில் கிணற்று நீரை நாமே மழையாகக் கொடுத்துவிட வேண்டும். கோடை முழுவதும் மரம் பாவம் என்று நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடுகிறவர்களின் மரங்கள் ஒருபோதும் முழுதாக வாடுவதுமில்லை, முழுதாகப் பூப்பதுமில்லை. கொப்புக்கு நான்கு பூவாக ஆண்டு முழுவதும் சிதறிப் பூத்துக்கொண்டிருக்கும். வீட்டுத் தேவைக்கு அது நல்லது. விற்பனைக்கு அது உதவாது.

எவ்வளவு வாடவிடலாம் என்பதை நாட்கணக்கில் மட்டும் சொல்ல முடியாது. எங்கள் மணலில் மூன்று வாரம் போதும். களிமண் கலந்த தம்பலகாமம் தரையில் ஈரம் நெடுநாள் நிற்கும். நான் பார்ப்பது இலையைத்தான். முதலில் மதியம் மட்டும் இலை படகு போலக் குழிந்து சுருளும், மாலையில் நிமிரும். அடுத்த கட்டத்தில் மாலையிலும் நிமிராது, ஆனால் அதிகாலையில் போய்த் தொட்டால் விறைப்பாக இருக்கும். அதிகாலையிலும் இலை துவண்டு கிடக்கும் நாள் வந்துவிட்டால் அன்றைக்கே நீர் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் என்ன நடக்கும் என்பதை ஒரு பரிசோதனையில் கண்டேன்.

தாய்லாந்தில் பருவம் தப்பித் தேசி எடுப்பவர்கள், கிணறு கட்டும் சீமெந்து வளையங்களைத் தரையில் வைத்து, அவற்றுக்குள் மண் நிரப்பி மரம் நடுகிறார்கள். வேர் அந்த வளையத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், மேலே பொலித்தீனால் மூடினால் மழைக்காலத்திலும் மரத்தை வாடவைக்க முடிகிறது. நம் ஊரில் வளையத்துக்குப் பஞ்சமில்லை. நான் மூன்றடி வளையங்கள் ஆறை வாங்கி, அடியில் சீமெந்துத் தட்டு வைத்து, பதியன் கன்றுகளை நட்டேன். மூன்றாம் ஆண்டு, மாசியில் மாரி ஓய்ந்ததும், கறுப்புப் பொலித்தீனால் மூடி 12 நாள் விட்டேன். நான்கு மரங்களில் இலை நான் மேலே சொன்ன இரண்டாம் கட்டத்தில் நின்றது. வெயில் நேரே விழும் ஓரத்திலிருந்த இரண்டும் மூன்றாம் கட்டத்துக்குப் போயிருந்தன. ஆறுக்கும் ஒரே மாலையில் நீர் கொடுத்தேன். நான்கு மரங்களும் 24 ஆம் நாளில் பூத்தன. மற்ற இரண்டும், நீர் குடித்த நான்காம் நாள் காலையில், இலையில் பாதிக்கு மேல் கொட்டிவிட்டு நின்றன.

வாடும்போது கொட்டாத இலை, நீர் கொடுத்த பிறகு ஏன் கொட்ட வேண்டும்? இதற்கான விடை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. எதிலீன் என்பது இலையையும் காயையும் உதிர்க்கும் வாயு வடிவ ஓமோன். வேர் காயும்போது அதற்கு முன்னோடியான ஒரு பொருள் அங்கே சேர்ந்துகொண்டே போகிறது. நீரோட்டம் நின்றிருப்பதால் அது மேலே ஏற வழியில்லை. நாம் நீர் கொடுத்ததும், அந்த நீரோடு அதுவும் இலைக்கு ஏறி, அங்கே எதிலீனாக மாறி, காம்பின் அடியில் உள்ள உதிர்வுப் படையைப் பிரித்துவிடுகிறது. மந்தரின் தோடைக் கன்றுகளில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் இதை 1990 களின் தொடக்கத்தில் காட்டியிருக்கிறார்கள். கச்சானில் நெடுநாள் காய்ந்த மரம் எதிர்பாராத ஒரு மழைக்குப் பிறகு இலையையும் பிஞ்சையும் ஒன்றாகக் கொட்டுவதற்கும் இதுவே காரணம். மழை பெய்தும் மரம் கொட்டுகிறதே என்று அந்த நேரத்தில் எதையாவது வாங்கி அடிப்பதில் பயனில்லை. எதிலீன் தன் வேலையை அதற்குள் முடித்திருக்கும்.

பூவுக்கு இன்னொரு தடை உண்டு, அது மரத்திலேயே தொங்குகிறது. முற்றிய காய்களைச் சுமக்கும் கொப்பு, எவ்வளவு வாடவிட்டாலும் ஒழுங்காகப் பூக்காது. ஒரே மரத்தில், காய் பறித்த கொப்பு வெள்ளையாகப் பூத்திருக்க, அதன் பக்கத்தில் காய் தொங்கும் கொப்பு இலையோடு மட்டும் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காயிலும் அதன் விதையிலும் ஆகும் ஜிபரலின் அரும்புகளை அடக்குகிறது என்பது பழைய விளக்கம். காய் உள்ள கொப்பின் இலைகளில், பூப்பதற்கான செய்தியைத் தரும் மரபணு அடக்கப்பட்டே இருக்கிறது என்று அண்மைய ஆய்வுகள் சேர்த்துச் சொல்கின்றன. விளக்கம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: நீரை நிறுத்துமுன் மரத்திலுள்ள முற்றிய காயைப் பறித்து முடித்துவிட வேண்டும். விலை ஏறும் என்று காத்து, காயை மரத்திலேயே வைத்திருப்பவர், அடுத்த போகத்துப் பூவை அந்தக் காய்க்கு விலையாகக் கொடுக்கிறார். இந்த ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தால், எந்தப் பொதியும் வாங்காமலே பூ கூடும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பூத்துவிட்டால் எல்லாம் காயாகும் என்று நினைத்துவிடவும் கூடாது. வளர்ந்த தோடை மரமொன்று ஒரு பருவத்தில் பல்லாயிரம் பூப் பூக்கும். அறுவடைக்கு நிற்பது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு. இலையோடு சேர்ந்து வந்த பூவே கூடுதலாகக் காய் பிடிக்கும். இலையில்லாமல் கொத்தாக மட்டும் வந்த பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பூ உதிரும் வேளையில் ஜிபரலின் தெளித்தால் பிஞ்சு நிற்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் விதையில்லாத கிளெமன்டைன் போன்ற மந்தரின் இனங்களுக்கே அது உண்மை. விதை உள்ள காயில் விதையே அந்த ஓமோனைச் சுரந்து கொடுப்பதால் நாம் கொடுப்பதற்குப் பெரிய வேலை இல்லை. நம் தேசி விதையுள்ளது.

உதிரும் பிஞ்சைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை எல்லாரும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பட்டாணி அளவில் உதிரும் பிஞ்சில் காம்பும் சேர்ந்தே வரும், ஏனென்றால் அந்தப் பருவத்தில் பிரியும் இடம் காம்பும் கொப்பும் சேரும் கணு. கோலிக்குண்டைத் தாண்டி வளர்ந்து முற்றும் பருவத்தில் உதிர்ந்தால், காயின் தலையில் காம்பு இருக்காது. பச்சை நட்சத்திரம் போன்ற புல்லி வட்டம் மரத்திலேயே நின்றுவிட, அது இருந்த இடத்தில் வழுவழுப்பான ஒரு குழி மட்டும் தெரியும். முதல் வகை உதிர்வு பெரும்பாலும் மரம் தன்னால் சுமக்க முடிந்த அளவுக்குத் தானே கழித்துக்கொள்வது. அதைத் தடுக்க முயல்வது வீண். இரண்டாம் வகையில்தான் ஒட்சின் என்ற இன்னொரு ஓமோன் பயன்படுகிறது. காயிலிருந்து ஒட்சின் இறங்கிக்கொண்டிருக்கும் வரை புல்லியடியிலுள்ள உதிர்வுப் படை மூடியே இருக்கும். அது குறையும்போது எதிலீன் அந்தப் படையைத் திறக்கிறது. களைகொல்லியாக நாம் அறிந்த 2,4-டி என்பதும் செயற்கை ஒட்சினே. அதைப் பத்து லட்சத்தில் 10, 20 பங்கு என்ற மிக நுண்ணிய அளவில் தெளித்து, தோடைக் காய் உதிர்வைக் குறைக்கும் முறை கலிபோர்னியாவில் 1940 களிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. வயலில் களையைக் கொல்லும் பொருளும் காயைக் காம்பில் நிறுத்தும் பொருளும் ஒன்றுதான். வேறுபாடு அளவில் மட்டுமே. நாப்தலீன் அசற்றிக் அமிலம் என்ற இன்னொரு ஒட்சினும் இப்படித்தான்: சிறு பிஞ்சுப் பருவத்தில் கூடிய அளவில் தெளித்தால் பிஞ்சை உதிர்த்துக் கழிக்கும், முற்றும் பருவத்தில் குறைந்த அளவில் தெளித்தால் காயை நிறுத்தும்.

ஆனாலும் நான் 2,4-டியைத் தோட்டத்துக்குள் கொண்டுவருவதில்லை. எங்கள் வேலிக்கு அப்பால் தக்காளியும் கத்தரியும் நிற்கின்றன. கச்சான் காற்றில் ஒரு துளி போனாலும் தக்காளி இலை முறுக்கிக்கொள்ளும். களைகொல்லி அடித்த தெளிகருவியைக் கழுவிவிட்டு அதிலேயே ஓமோனை அடிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எந்த இரசாயனத்தை எந்தப் பயிருக்கு அடிக்க அனுமதி உண்டு என்பதை உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பக்லோபியூட்ராசோல் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது மரத்துக்குள் ஜிபரலின் ஆவதையே தடுப்பது. மாமரத்துக்கு வேரடியில் ஊற்றிப் பூக்க வைப்பது ஆசிய நாடுகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது, தேசிக்கும் பயன்படுத்துகிறார்கள். வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மண்ணில் மாதக்கணக்கில், சில மண்ணில் ஆண்டைத் தாண்டியும் அழியாமல் கிடக்கும். அளவு கூடினால் அடுத்தடுத்த தளிர்கள் குறுகி, கணுக்கள் நெருங்கி, மரம் குட்டையாய் நின்றுவிடும். எங்கள் தோட்டத்துக் கிணறு முதல் வரிசைக்கு முப்பதடி தூரத்தில் இருக்கிறது. நிலாவெளி வரைக்கும் கரையோர மணலில் நிலத்தடி நீர் ஆழமில்லை, மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக காலம் எடுக்காது. குடிக்கும் நீருக்கும் பூவுக்கும் இடையில் எனக்குத் தெரிவு செய்ய எதுவும் இருக்கவில்லை.

புகை போட்டால் பூக்கும் என்று பெரியம்மா சொல்வார். மாமரத்துக்கும் அன்னாசிக்கும் அவர் சொன்னது சரி. புகையிலுள்ள எதிலீன் அவற்றைப் பூக்க வைக்கிறது. தேசியிடம் அதே எதிலீன் இலையையும் காயையும் உதிர்ப்பதுதான் அதிகம்.

எதிலீனைப் பற்றிப் பேச்சு வந்ததால், சாக்கு கட்டும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1910 இல் யமேக்காவில் கசின்ஸ் என்ற அதிகாரி, தோடம்பழத்தையும் வாழைக்காயையும் ஒரே கப்பலில் ஏற்றக் கூடாது, தோடையிலிருந்து வரும் ஏதோ ஒன்று வாழையைப் பழுக்க வைக்கிறது என்று எழுதிவைத்தார். ஆனால் நல்ல தோடம்பழம் எதிலீனை மிகக் குறைவாகவே வெளியிடும். அழுகிய பழத்தில் படரும் பச்சைப் பூஞ்சணமே அதைப் பெருமளவில் வெளியிடுகிறது. ஆகவே அன்று வாழையைப் பழுக்க வைத்தது பெரும்பாலும் அந்தப் பூஞ்சணமாகவே இருந்திருக்கும். நானா எங்கள் முற்றத்தில் பாயை விரித்து, 50 கிலோச் சாக்குக்குப் போகும் காயை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, காம்படியில் மெதுவான ஒன்றைக்கூட விடாமல் எடுத்து வீசுவார். "ஒண்டு கெட்டா மூட்டையே மஞ்சளாகிரும்" என்பார். அவர் எதிலீன் என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் ஒரு காயின் பூஞ்சணம் மற்றக் காய்களின் பச்சையைத் தின்னும் என்பதை அவருடைய விரல் அறிந்திருக்கிறது. பச்சைக் காய்க்கே இங்கே விலை என்பதால், எதிலீனை வெளியிட்டுக் காயை மஞ்சளாக்கும் எத்தபோன் என்ற இரசாயனத்தைத் தேசியில் பாவிக்கத் தேவையே இல்லை. பறிக்குமுன் குறைந்த அளவில் ஜிபரலின் தெளித்தால் தோலின் பச்சை சில நாள் கூடுதலாக நிற்கும். அதன் நெடுக்கும் குணத்தை அறிந்து, பூவரும்பு தீர்மானிக்கப்படாத காலம் பார்த்துத் தெளித்தால், நம் ஊர்த் தேசிக்கு ஜிபரலின் உதவக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடந்த பங்குனியில் நான்கு மரங்களுக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு அளவில் அடித்துப் பார்த்தேன். அந்த நான்கின் காய்களை நானா தனிச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனார்.

முள் வைத்த அந்த 12 மரங்களும் இப்போது தேறிவிட்டன. நெடுத்த தளிர்களை முதிரவிட்டு, நுனியை மட்டும் நறுக்கி, இரண்டு போகம் பொறுத்திருந்தேன். இந்த ஆண்டு அவற்றிலும் முற்றிய காயை ஆடி நடுவிலேயே பறித்து முடித்து, நீரை நிறுத்தினேன். இன்று 19 ஆம் நாள். விடியற்காலையில் விளக்கோடு போய்ப் பார்த்தபோது, இரண்டாம் வரிசைக் கடைசி மூன்று மரங்களின் இலை இன்னும் குழிந்தே கிடந்தது. மற்றவை விறைப்பாக நின்றன. பாத்திகளை வெட்டித் திருத்தி வைத்திருக்கிறேன். அந்த மூன்றுக்கும் இன்று மாலையே வாளியால் நீர் ஊற்றிவிட்டு, மற்றவற்றுக்கு நாளை மறுநாள் மோட்டரைப் போடுகிறேன்.